கூண்டு ஓநாயும் வீட்டு நாயும்: ஆதிக்கக் கோட்பாடு கடந்து வந்த பாதை

வாசலில் ஆள் வந்தால் பாய்கிறது, சோற்றுத் தட்டருகே போனால் உறுமுகிறது, கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் கதவைப் பிறாண்டி ஊரைக் கூட்டுகிறது. நாய் வளர்ப்போரின் புகார்கள் பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேலைநாட்டுப் பயிற்சியாளர்களில் பலர் இவை அத்தனைக்கும் ஒரே காரணம் சொன்னார்கள். நாய் தன்னை வீட்டுத் தலைவனாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அதை அடக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். ‘ஆல்பா’ என்ற சொல் அந்த நோயறிதலின் சுருக்கம். ஓநாய் ஆய்விலிருந்து இந்தக் கருத்து பிறந்ததாகப் பொதுவாக நம்பப்படுகிறது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. அடக்குமுறை முதலில் வந்தது. ஓநாய் பிற்பாடு சாட்சிக்கு அழைத்துவரப்பட்டது.

பாசறைப் பாடம்

பிரஷ்யக் காவல்துறையைச் சேர்ந்த கொன்ராட் மோஸ்ட் 1906-இல் சார்ப்ரூக்கனில் காவல் நாய்களைப் பழக்கத் தொடங்கினார். 1910-இல் அவர் எழுதிய பயிற்சிக் கையேடு நெடுங்காலம் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது. மோஸ்டை வெறும் சாட்டைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதரின் நியாய அநியாயம் நாய்க்குத் தெரியாது, செயல் நடந்த அந்தக் கணத்திலேயே பரிசோ தண்டனையோ கிடைத்தால்தான் அது இரண்டையும் இணைத்துக்கொள்ளும் என்பதை, நடத்தையியல் ஒரு துறையாக உருவாகுமுன்பே அவர் கண்டிருந்தார். ஆனால் அதே நூலில், நாய்க்கூட்டத்தில் சண்டையே தலைமையைத் தீர்மானிக்கிறது, மனிதனுக்கும் நாய்க்கும் இடையிலும் அப்படித்தான் என்ற கருத்தும் இருக்கிறது. கூர்முனைக் கழுத்துப் பட்டையும் பிரம்பும் அதற்கான கருவிகள்.

இந்த முறை எந்த நாய்களுக்காக உருவானது என்பதை மறந்துவிடக் கூடாது. பணிக்கென்று பொறுக்கியெடுத்த, உடல் வலுவும் மனத் துணிவும் கொண்ட நாய்கள் அவை. தாங்காத நாயைப் பணியிலிருந்து விலக்கிவிடலாம். வீட்டு நாயை யார் விலக்குவது?

இரண்டு உலகப் போர்களும் படைநாய்ப் பயிற்சியாளர்களைப் பெருக்கின. இடையில், 1933-இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் நடத்திய கீழ்ப்படிதல் போட்டி, பயிற்சியைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக மாற்றியது. பூடில் இன நாய் வெறும் அலங்காரப் பொம்மை அல்ல என்று காட்டுவதே அவர் நோக்கம். போருக்குப் பின் படைமுறை வீட்டுக்குள் வந்தபோது அதன் முகமாக இருந்தவர் வில்லியம் கோலர். போர்க்காலத்தில் படைநாய்களையும், பின்னர் டிஸ்னி படங்களுக்கு விலங்குகளையும் பழக்கியவர். 1962-இல் வெளிவந்த அவரது நூல் அமோகமாக விற்றது. தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு அதில் சொல்லப்படும் வைத்தியம் இது: தோண்டிய குழியில் தண்ணீரை நிரப்பி, நாயின் முகத்தை அதற்குள் அமிழ்த்த வேண்டும். அந்த நாய் ஏன் தோண்டியது? வெயிலுக்குக் குளிர்ந்த மண் தேடியதா, நாளெல்லாம் வேலையின்றிக் கிடந்து அலுத்ததா, வளைக்குள் புகுந்து எலி பிடிக்கவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட டெரியர் இனமா? வைத்தியம் இந்தக் கேள்விகளுக்குள் போகவே இல்லை.

இருந்தும் இம்முறை நீடித்ததற்குக் காரணம் எளிது. வலி, நடத்தையை அப்போதைக்கு நிறுத்திவிடுகிறது. நாய் அடங்கியதும் அடித்தவருக்குக் கை மேல் பலன். இதில் நாயை விட மனிதரே அதிகம் பழகிவிடுகிறார், அடுத்த முறையும் கை ஓங்க.

பாசெல் கூண்டு

நார்வேயின் ஷெல்டெரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் கோழிகளின் கொத்தும் வரிசையை விவரித்த பிறகு, எந்த விலங்குக் கூட்டத்தைப் பார்த்தாலும் படிநிலை தேடுவது ஆய்வாளர்களின் வழக்கமாயிற்று. சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷென்கெல் 1947-இல் தம் ஆய்வை வெளியிட்டார். சுமார் பத்து மீட்டருக்கு இருபது மீட்டர் அளவான அடைப்பில் பத்து ஓநாய்கள் வரை. அவை ஒரே குடும்பம் அல்ல. சண்டை வந்தால் விலகிப் போக இடமும் இல்லை. அந்த நெருக்கடியில் அவர் கண்டது ஓயாத போட்டி, உச்சியில் ஓர் இணை. அவருடைய கவனிப்பில் பிழையில்லை. சிறையில் பார்த்ததைக் காட்டுக்கும் பொருத்தியதுதான் பிழை.

இக்கருத்தைப் பொதுமக்களிடம் பரப்பியது அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல். கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைதோறும் ஒரு காட்டு ஓநாய்க் கூட்டத்தை அருகிருந்து பார்த்த பிறகு, அதே மெக் 1999-இல் தம் பழைய கருத்தை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது பொதுவாகத் தாயும் தகப்பனும் அவற்றின் குட்டிகளும்தான். ‘ஆல்பா’ ஆணும் பெண்ணும் யாரையும் வீழ்த்திப் பதவி பிடித்தவை அல்ல. குட்டி போட்டதால் மூத்தவையானவை. தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடமும் அவர் கேட்டார். தாமே பரப்பிய கருத்தை இப்படித் தெருத்தெருவாகத் துரத்திப் பிடிக்க முயன்ற அறிஞர்கள் அதிகம் இல்லை.

அதற்குள் கோட்பாடு கைவிட்டுப் போயிருந்தது. நியூயார்க்கில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் வளர்த்த நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகளின் 1978 நூல், அடங்காத நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடிக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தது. ஓநாயும் இப்படித்தான் செய்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். உண்மையில் பணியும் ஓநாய் தானாகவே மல்லாந்து படுக்கிறது. துறவிகள் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அறிவுரையைக் கைவிட்டார்கள். ஆனால் புதிய பதிப்பு, பழையதைப் படித்துவிட்டவர்களின் கைகளைப் போய்ப் பிடிப்பதில்லை.

சோதனைக்கூடம் அறிந்திருந்தவை

மாற்று அறிவு இல்லாமல் போய்விடவில்லை என்பதுதான் இவ்வரலாற்றில் உறுத்தும் பகுதி. 1914-இல் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் ஷெங்கர்-கிரெஸ்தொவ்னிகோவா ஒரு நாய்க்கு வட்டத்தையும் நீள்வட்டத்தையும் காட்டிப் பழக்கினார். வட்டம் தெரிந்தால் உணவு, நீள்வட்டம் தெரிந்தால் இல்லை. நாய் எளிதில் கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டம் சிறிது சிறிதாக வட்டத்தை நெருங்கியது. அச்சுகளின் விகிதம் 9:8 ஆனபோது நாயால் பிரித்தறிய முடியவில்லை. சில வாரங்கள் அப்படியே தொடர்ந்ததில், அதுவரை சாதுவாக நின்ற நாய் ஊளையிட்டது, திமிறியது, உடலில் கட்டியிருந்த கருவிகளைப் பிய்த்தது, குழாய்களைக் கடித்துக் குதறியது. சுலபமாக இருந்த பழைய வேறுபாட்டைக்கூட மறந்தது. அதை யாரும் அடிக்கவில்லை. தலைமைப் போட்டியும் அங்கில்லை. எதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்பது குழம்பியதே போதுமானதாக இருந்தது. ஒரு நாள் சோபாவில் ஏறினால் கொஞ்சல், மறுநாள் ஏறினால் அடி என்று நடக்கும் வீடுகளில் வளரும் நாயின் நிலை இதற்கு வெகு தூரமில்லை.

1967-இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் தப்ப வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு நாய்களை உட்படுத்தினார்கள். பிறகு தப்ப வழியிருந்தும் அவற்றில் பல முயலாமல் படுத்துக்கிடந்தன. ‘அடங்கிவிட்டது’ என்று நாம் மெச்சும் அமைதி சில வேளைகளில் இந்தக் கைவிடலாகவும் இருக்கலாம்.

மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் குழுவினர் நடத்திய ஆய்வுகள் வேறு திசையைக் காட்டின. குட்டிகளுக்கு ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையான பருவமே உறவுகள் உருவாகும் காலம். 1961-இல் வெளியான சோதனையில் 14 வாரம் வரை மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரிடம் சரியாக ஒட்டவே இல்லை. பிற்காலத்தில் அந்நியரைக் கண்டு குரைத்துப் பாயும் பல நாய்களின் கதை இங்கே தொடங்குகிறது. வீரம் என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் பயம். 1980-களில் கால்நடை மருத்துவர் இயன் டன்பார் குட்டிகளுக்கென்றே கயிறில்லா வகுப்புகளைத் தொடங்கியது இந்த அறிவின் நேரடி விளைவு. கிளிக் ஒலியும் தின்பண்டமும் கொண்டு பழக்கும் முறைக்கும் இதே போன்ற தாமதம் நேர்ந்தது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1951-இலேயே விவரித்துவிட்ட அதை, ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984-இல் எழுதிய நூலே வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. கழுத்துப் பட்டை போட முடியாத, பிரம்பால் எட்ட முடியாத விலங்கிடம் வேறு வழியே இல்லை.

பயிற்சியாளரிடமிருந்து மருத்துவரிடம்

1970-களில் கேள்வியே மாறத் தொடங்கியது. ட்யூபர், ஹாதர்சால், வாய்த் ஆகியோரின் 1974-ஆம் ஆண்டுக் கட்டுரை, மனிதரின் அச்சத்துக்கு அளிக்கும் உளச் சிகிச்சையை நாய்க்கும் அளிக்கலாம் என்றது. பதிவுசெய்த இடியோசையை மெல்லிய அளவில் தொடங்கி, நாய் நிதானமாக இருக்கும் வரை மட்டும் கூட்டிக்கொண்டே போவது அவ்வழி. தீபாவளிக்குக் கட்டிலடியில் நடுங்கும் நாய்க்கு, பல வாரங்கள் முன்பே தொடங்கினால், இன்றும் இதுவே அடிப்படைச் சிகிச்சை. பூட்டிய வீட்டில் கதவைப் பிறாண்டுவதும் பழிவாங்கல் அல்ல, பிரிவுப் பதற்றம் என்று இனங்காணப்பட்டது. 1990-களின் இறுதியில் அதற்கு க்ளோமிப்ரமின் மருந்துக்கு அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது.

2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹெரன் குழுவினர், கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைச் சிக்கல்களோடு நாய்களை அழைத்துவந்த 140 பேரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வு, அடக்குமுறையின் கணக்கைத் தாளில் வைத்தது. அடித்தவர்களில் அல்லது உதைத்தவர்களில் 43 விழுக்காட்டினரிடமும், மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 விழுக்காட்டினரிடமும் நாய் சீறித் திரும்பியிருந்தது. உறுமலைத் தண்டிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பயம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் போய்விடுகிறது. அடுத்த முறை நேராகக் கடிதான். மாறாக, சோற்றுத் தட்டை விட்டுத் தள்ளி நின்று, அதில் இருப்பதைவிட ருசியானதைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்தால், மனிதர் நெருங்குவது நாய்க்கு நல்ல சேதியாகிறது.

ஆனாலும் படிநிலை என்பதே கட்டுக்கதை என்று மறுகோடிக்குப் போவதற்கும் சான்று இடம் தரவில்லை. ரோம் நகரின் புறத்தே சுதந்திரமாகத் திரியும் நாய்களை ஆராய்ந்த கஃபாட்ஸோ குழுவினர் 2010-இல், வயதோடு ஒட்டிய தெளிவான படிவரிசையை, முக்கியமாகப் பணிவுச் சைகைகளின் வழியே, கண்டதாக எழுதினர். நாய்களுக்குள் மூத்தது இளையது உண்டு. அது மனிதரோடான உறவுக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு தரவு உண்டு. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களிடம் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவு: முன்பின் தெரியாத மனிதரை நம்புவதற்கு, மீண்டும் மீண்டும் கிடைத்த உணவைவிடத் தடவிக்கொடுத்ததே அவற்றுக்கு அதிகம் உதவியது. யாருடைய வீட்டிலும் தலைமைக்குப் போட்டியிட வாய்ப்பே இல்லாத நாய்கள் அவை.