கூலியும் கூலியாளும்

நாம் குடியேறி வாழும் வடநகரங்களின் இரயில் நிலையங்களில் சுமை தூக்குவோரைக் ‘கூலி’ என்று கூவி அழைக்கக் கேட்கிறோம். தமிழ்ச் செவிக்கு அது சற்று உறுத்தும். நம் மொழியில் கூலி என்பது ஆளின் பெயரன்று. உழைப்புக்கு ஈடாகப் பெறும் பொருளின் பெயர். உழைப்பவரைக் கூலியாள், கூலிக்காரர் என்பதே தமிழ் வழக்கு. வள்ளுவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடல் வருந்தி முயல்வதன் பயனையே கூலி என்கிறார். அங்கே அச்சொல்லில் இழிவின் நிழலும் இல்லை.

பொருளின் பெயர் ஒரு வகுப்பாரின் பெயரானது எவ்வாறு? பிற மொழிகளில் வழங்கும் இச்சொல் குஜராத்துக் கோலி குலத்தார் பெயரிலிருந்து வந்தது என்பார் சிலர்; தமிழ்ச் சொல்லே என்பார் சிலர்; இரண்டும் கலந்தன என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், அதனை உலகெங்கும் பரப்பியது கடல் வாணிகமும் ஆங்கிலேயர் ஆட்சியுமே. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் பிரிட்டனில் இயற்றப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கோ ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் இந்தியர் ஒப்பந்தத்தின் பேரில் கொண்டு செல்லப்பட்டனர். நேட்டாலை முதலில் அடைந்த ‘துரூரோ’ கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. தமிழரும் தெலுங்கரும் பீகாரியரும் ஒருங்கே ‘கூலி’கள் ஆயினர். கூலியாள் என்பதில் ஆள் மறைந்தான். கூலி மட்டும் எஞ்சியது.

தென்னாப்பிரிக்காவில் அப்பெயர் தொழிலையும் கடந்து, இந்தியர் அனைவர்க்கும் உரிய வசையாயிற்று. சொந்த முதலிட்டு வாணிகம் செய்தவர் ‘கூலி வணிகர்’. 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’. பிறர்க்குக் கூலி கொடுப்பவரும் கூலி எனப்பட்டது விந்தையே!

ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புவது 1917-இல் நிறுத்தப்பட்டது. சொல் நிற்கவில்லை. மொரீசியசில் தொழிலாளர் வந்திறங்கிய ‘கூலி காட்’ என்னும் துறை, ‘ஆப்பிரவாசி காட்’ எனப் பெயர் மாறி, 2006-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அந்நாட்டுக் கவிஞர் கால் தொராபுள்ளியோ வசையையே வாகையாக்கி, அதிலிருந்து ‘கூலித்துவம்’ என்னும் கருத்தைப் படைத்தார். நம் நாட்டு இரயில்வேயும் சுமைதூக்குவோர் இனிச் ‘சகாயக்’ என அழைக்கப்படுவர் என்று 2016-இல் அறிவித்தது.

பெயரை மாற்றுவது ஒரு வழி; பெருமையுடன் சூடிக்கொள்வது மற்றொரு வழி. தமிழராகிய நமக்கு மூன்றாவது வழியும் உண்டு. அது சொல்லின் பழம்பொருளை மீட்பது. கூலி என்பது அவர் பெயரன்று, நாம் அவருக்குக் கொடுக்க வேண்டியது என்பதை வேற்றுமொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோமாக.