பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில்

பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலைகளில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு. வெளிச்சம், காற்று, சுத்தம் என்று அடுக்கிவிட்டு, குழந்தை பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அந்த அறை இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தோட்டத் தொழிலாளருக்கு 1951இலும், பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கு 1966இலும், கட்டடத் தொழிலாளருக்கு 1996இலும் வந்த சட்டங்கள் ஏறக்குறைய இதே வாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டன. அந்தப் பயிற்சி எத்தனை நாள், யார் தருவது, எதைக் கற்பிப்பது என்று நான்கில் எதிலும் இருக்கவில்லை. விதி வகுக்கும் வேலை அரசுகளிடம் விடப்பட்டது. கூரையையும் பால் பாத்திரத்தையும் ஆய்வாளர் பார்த்து எழுதிவிடலாம். ஆயாவின் கைத்தேர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது கற்றுத் தேற வேண்டிய தொழில் என்று இந்த நாடு மனதார ஒப்புக்கொள்ளவே இல்லை. அதனால்தான் அரை நூற்றாண்டு கடந்தும் அது சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாகவே கிடந்தது என்பது என் முடிவு.

இந்தக் காப்பகங்கள் எதற்காகப் பிறந்தன என்று பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். 1920களின் தொடக்கத்தில் பம்பாய் ஆலைப் பெண்களின் நிலையை ஆராய்ந்த டாக்டர் பார்ன்ஸ், அவர்களுடைய குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் அபின் கொடுக்கப்படுவதைப் பதிவு செய்தார். நாள் முழுதும் நூல் சுற்றும் பிரிவில் நிற்கும் தாய்க்கு, பிள்ளை அழாமல் தூங்க வேறு வழி இருக்கவில்லை. ஆகவே அபின் இல்லாமல், அடிபடாமல், நோய் தொற்றாமல் பிள்ளை மாலைவரை கிடந்தால் போதும் என்பதே காப்பகத்தின் முதல் இலக்காயிற்று. உயிரைக் காப்பதே பெரிதாக இருந்த காலம். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காலம் முடியும் முன்பே, சென்னை அடையாற்றில், குழந்தைக் கல்விக்கு ஒரு பெரிய வாசல் திறந்தது. 1939இல் மரியா மாண்டிசோரி அங்கு நடத்திய முதல் இந்தியப் பயிற்சி வகுப்புக்கு நாடெங்கிலுமிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது அவர் மிகச் சிறிய குழந்தைகளையும் கூர்ந்து கவனித்தார். அந்த அறிவு பள்ளிகளுக்குப் போனது, ஆலைத் தொட்டிலுக்கு வரவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயின்ற ஆசிரியை, அதற்குக் கீழே ஆயா என்ற பிரிவினை அப்போதே உறைந்துவிட்டது.

பாட்டிமார் எந்தச் சான்றிதழோடு பத்துப் பிள்ளை வளர்த்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவதிலும், அழுகையின் வகை பிரித்து அறிவதிலும் அவர்களுக்கு இருந்த தேர்ச்சி பெரிது. ஆனால் அதுவும் கற்றுக்கொண்டதே. தாயும் அத்தையும் பக்கத்தில் இருந்து பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தது. அதுவும் சொந்தப் பேரப்பிள்ளைக்கு, ஒன்றிரண்டு பேருக்கு. காப்பகத்திலோ பெற்ற பாசம் இல்லாத ஒருத்தி, ஒரே நேரத்தில் பசிக்கும் பல பிள்ளைகளின் நடுவே நிற்கிறாள். அங்கே அன்பு மட்டும் போதாது, சுத்தம் மட்டும் போதாது. நல்ல உணவோடும் சுத்தத்தோடும் வளர்ந்த அனாதை இல்லக் குழந்தைகள், தமக்கென ஓர் ஆள் இல்லாமல் வாடிப்போவதை 1945இல் உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் எழுதிக்காட்டினார். மறு ஆண்டு புடாபெஸ்ட்டின் லோட்சி தெருவில் சிசு இல்லம் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர், பழகிப்போன தாதிகளை அனுப்பிவிட்டு, அனுபவம் இல்லாத இளம் பெண்களை எடுத்துப் பயிற்றுவித்தார். குழந்தையைத் தூக்கும் முன் அதனிடம் சொல்வது, உடை மாற்றும்போது அவசரப்படாமல் அது ஒத்துழைக்கக் காத்திருப்பது, ஒரே ஆளே தொடர்ந்து கவனிப்பது, தானாக உட்காரும் வரை உட்கார வைக்காதிருப்பது. பார்க்க எளியவை, ஆனால் சோர்ந்த உடம்போடு, பத்தாவது முறையும், ஐந்தாவது குழந்தைக்கும் அப்படியே செய்ய வேண்டுமானால் பழக்கமும் மேற்பார்வையும் வேண்டும். பயிற்சி என்ற சொல்லுக்கு இங்கேதான் பொருள் இருக்கிறது.

நம் நாட்டில் அந்தப் பொருளைத் தேடியவர்களில் மீரா மகாதேவன் முக்கியமானவர். 1969இல் டெல்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணிலும் ஜல்லியிலும் கிடந்த பிள்ளைகளைக் கண்டு ஒரு கூடாரத்தில் அவர் தொடங்கியது மொபைல் கிரெஷஸ். கட்டடம் முடிந்தால் காப்பகமும் அடுத்த இடத்துக்குப் போகும். வேலையோடு வேலையாகப் பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பைக் கற்றுக்கொடுப்பதை அந்த நிறுவனம் தன் அடிப்படையாகவே கொண்டது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் இங்கே நினைக்கத்தக்கது. 6 முதல் 36 மாதம் வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளையைக் கண்டு தனி உணவு கொடுத்து, தாயிடம் பேசியவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே. தராசையும் வளர்ச்சி அட்டையையும் கொடுத்து, கூடவே இருந்து கற்றுக்கொடுத்ததில் கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. படிப்புத் தகுதி கேட்டால் ஏழைப் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்கு இந்த இரண்டுமே பதில். இங்கே பயிற்சியே அந்தப் பெண்களை உள்ளே கொண்டுவந்தது.

பெரிய திட்டங்கள் அந்த வழியில் தொடர்ந்து போகவில்லை. 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் பணியாளரின் பயிற்சி முதலில் மாதக்கணக்கில் இருந்தது. பின்னாளில் 26 வேலை நாட்களாயிற்று. உதவியாளருக்குச் சில நாட்களே. 1982 ஜூலை 1இல் தமிழகத்தில் வந்த சத்துணவு இரண்டு வயதில் தொடங்கியது. பால்வாடியின் மதிப்பும் பெரும்பாலும் சமையலிலேயே அளக்கப்பட்டது. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டது பெரும் சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே இருந்த குழந்தையை மடியில் வைத்துப் பேசவும் விளையாடவும் ஒருவரைத் தயார்படுத்தும் வேலை அந்தச் சோற்றுக்குப் பின்னால் தள்ளிப்போயிற்று.

செலவு தாங்காது என்பது கடைசியாக வரும் ஆட்சேபம். இலங்கை மலையகத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா எனப்பட்ட காப்பகத்தை ஓர் ஆயாவிடம் ஒப்படைத்திருந்த பழைய ஏற்பாடு, 1992க்குப் பின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பயிற்சி பெற்ற பணியாக மாறத் தொடங்கியது. வசதி குறைந்த தோட்டத்திலேயே அது முடிந்தது. இந்தியாவில் பிறப்பு முதல் மூன்று வயது வரையான குழந்தைகளோடு பேசி விளையாடிப் பழகுவதற்கான தேசியச் செயல்திட்டமாக ‘நவசேதனா’ 2024இல் வெளியானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அவர்கள் கையில் வருவது இன்னும் மதிப்பூதியம் என்ற பெயரிலேயே வருகிறது. மாதக்கணக்கில் பயிற்சி தந்தால் முழுநேரச் சம்பளமும் கேட்பார்கள் என்ற அச்சம்தான் அந்தப் பயிற்சி சுருங்கியதற்குப் பெரிய காரணமாக எனக்குத் தெரிகிறது. கேட்கட்டும், அது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலி.