சம்பல் போன வழி

யாழ்ப்பாணத்து வீட்டில் சம்பல் என்றால் இலைக்கு வருவது தேங்காய்ப்பூ. செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து உரலில் இடித்து, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தது. கோலாலம்பூரில் அதே பெயரைச் சொன்னால் தட்டின் ஓரத்தில் கருஞ்சிவப்பாக, எண்ணெய் மினுங்க, கருவாட்டு மணத்தோடு ஒரு தொக்கு வரும். தேங்காய்த் துருவல் அதில் மருந்துக்கும் இருக்காது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், மலாய் மரபினர் வீட்டில், துருவிய வெள்ளரிக்காயிலோ சீமைமாதுளையிலோ மிளகாயும் வினிகரும் கலந்து வைப்பார்கள். மூன்று ஊர், மூன்று பண்டம், ஒரே சொல்.

கேட்டவுடன் தமிழ்ச் சொல் போலத்தான் படுகிறது. கறிச் சரக்குகளைக் குறிக்கும் சம்பாரம் தமிழில் உண்டு. சாம்பாரும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒலியை மட்டும் வைத்து முடிச்சுப் போட்டுவிடலாம். ஆனால் ஒரு சொல் எங்கே புழங்குகிறது என்று பார்த்தால் அது வந்த திசை தெரியும். தமிழ்நாட்டு அடுக்களையில் துவையல் உண்டு, சட்னி உண்டு, பச்சடி உண்டு. சம்பல் பொதுவழக்கில் இல்லை. அந்தச் சொல் வேரூன்றி நிற்பது மலாய்த் தீபகற்பத்திலும் இந்தோனேசியத் தீவுகளிலும். அதற்கு வெளியே, டச்சுக் கம்பெனி அந்தத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிப்போய்க் குடியமர்த்திய துறைகளில். ஜாவானிய மொழியில் சம்பெல், மலாயில் சம்பல். அங்கிருந்துதான் அது புறப்பட்டது.

இன்று மிளகாய் இல்லாத சம்பலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் காலத்தில்தான் அது அந்தக் கடல்களுக்கு வந்து பரவியது. அதற்கு முன் காரம் தந்தவை மிளகு, இஞ்சி, ஜாவாவில் விளையும் ஒருவகைத் திப்பிலி. அந்தத் திப்பிலியின் பெயர் சாப்யா. புதிதாக வந்த மிளகாய்க்கு ஜாவானியர் அந்தப் பெயரையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இந்தோனேசியாவில் மிளகாய் இன்று சாபாய். பெயரைப் பறிகொடுத்த திப்பிலியை இப்போது ‘ஜாவா சாபாய்’ என்று அடைமொழி போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கிறது. மலாயிலும் இதே கதிதான். மிளகைக் குறித்த லாடா மிளகாய்க்கும் ஆனது. மிளகு ‘லாடா ஹீத்தாம்’, அதாவது கறுப்பு லாடா ஆனது. தமிழர் மிளகோடு காயை ஒட்டி மிளகாய் என்று புதுச் சொல் செய்துகொண்டதால் இங்கே பழைய பண்டம் பெயரை இழக்கவில்லை.

மலேசியாவுக்குள்ளேயே மிளகாய்க்கு ஒரே பெயர் இல்லை. வடக்கே கெடாவில் சாபாய் என்பார்கள், கிழக்கே கிளந்தானில் லாடா, கோலாலம்பூரில் சிலி. ஊசிபோன்ற சின்ன மிளகாய் ‘சிலி பாடி’. பாடி என்றால் நெல். ஆள் சிறியவனானாலும் ஆற்றல் பெரிது என்று சொல்ல மலாய்க்காரர் இந்தச் சிலி பாடியைத்தான் காட்டுவார்கள். தமிழர் அதே இடத்தில் கடுகைக் காட்டுகிறோம்.

சம்பலுக்கு மலாய் அடுக்களையில் இரண்டு பிறவி. ஒன்று பச்சையாக இடிப்பது, மற்றது எண்ணெயில் வதக்குவது.

இடிப்பதில் தலைமை ‘சம்பல் பெலாச்சான்’. கெராகாவ் என்ற பொடி இறாலில் உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, இடித்து, புளிக்க விட்டுச் செய்யும் கட்டிதான் பெலாச்சான். மலாக்காவும் பினாங்கும் இதற்குப் பேர்போனவை. ஒரு துண்டை நெருப்பில் வாட்டினால் தெரு முழுக்க மணம் போகும். பழகாதவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், பழகியவர்களுக்கு அப்போதே பசிக்கும். வாட்டிய பெலாச்சானைச் சிவப்பு மிளகாயோடு ‘பாத்து லெசோங்’ என்னும் கல்லுரலில் இடித்து, லிமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சையைப் பிழிந்தால் தீர்ந்தது. வல்லாரையும் பெதாய்க் கொட்டையும் வேறு பச்சிலைகளும் சேர்ந்த ‘உலாம்’ தட்டை இந்தச் சம்பலில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவது மலாய் வீடுகளின் மத்தியான வழக்கம். தமிழ்நாட்டில் பெலாச்சான் கிடைக்காதவர்கள் சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்துச் சேர்த்துப் பார்க்கலாம். அதுவும் பொடி இறால்தான். புளித்த வாசம் மட்டும் குறையும், கடல் மணத்துக்குக் குறைவிராது. மிக்ஸியில் அரைத்தால் மிளகாய் கூழாகிவிடும். உரலில் இடித்தால் தோலும் விதையும் நாவில் தனித்தனியே தட்டுப்படும். இந்தச் சம்பலுக்காகவே ஒரு சின்னக் கல்லுரல் வாங்கி வைக்கலாம்.

வதக்குவது ‘சம்பல் தூமிஸ்’. ஊறவைத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, பெலாச்சான் எல்லாவற்றையும் அரைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு, சிறுதீயில் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். சமையல் தெரிந்தவர்கள் அடுப்படியில் ஒரு பேச்சை விடாமல் சொல்வார்கள்: ‘பெச்சா மிஞ்ஞாக்’. எண்ணெய் பிரிவது. விழுதிலுள்ள தண்ணீர் வற்றும்வரை எண்ணெய் அதற்குள் கலந்தே கிடக்கும். வற்றியபின் தனியே ஒதுங்கி மேலே மிதக்கும். அப்போதுதான் மிளகாயின் பச்சை வாடை போயிருக்கும். நிறமும் கருஞ்சிவப்புக்கு இறங்கியிருக்கும். அதற்கு முன் அவசரப்பட்டுப் புளி ஊற்றினால் சம்பல் தொண்டையில் கமறும். தமிழ்ச் சமையலில் தொக்குக்கும் குழம்புக்கும் எண்ணெய் பிரிவதைப் பதமாக வைத்திருப்பவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. பிறகு புளிக்கரைசலும், ‘கூலா மலாக்கா’ என்ற தென்னங்கருப்பட்டியும். மலாயில் புளிக்குப் பெயர் ‘ஆசாம் ஜாவா’, ஜாவாப் புளிப்பு. அந்தப் புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று மடக்கிய பிறகே வறுத்த நெத்திலியோ இறாலோ உள்ளே போகும்.

இந்தத் தூமிஸ்தான் நாசி லெமாக்கின் உயிர். நாசி என்றால் சோறு. லெமாக் என்றால் கொழுப்பு. சமையலில் தேங்காய்ப்பாலின் செழுமையை அது குறிக்கும். தேங்காய்ப்பாலில், இலங்கைத் தமிழர் ரம்பை என்று சொல்லும் பாண்டான் இலை போட்டு ஆக்கிய சோறு. பக்கத்தில் பொரித்த நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, அவித்த முட்டை. ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் வின்ஸ்டெட் மலாய் வாழ்க்கையைப் பற்றி 1909இல் எழுதிய நூலிலேயே இந்தச் சோறு இடம்பெற்றுவிட்டது. 2024 டிசம்பரில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, ரொட்டி சானாய், தே தாரிக் இரண்டோடும் நாசி லெமாக்கும் ஏறியது. ஆனால் ஒரு கடையின் நாசி லெமாக் நன்றாக இருக்கிறது என்று மலேசியர் சொன்னால், அவர்கள் மெச்சுவது பெரும்பாலும் சம்பலைத்தான். சோறு எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல அமைந்துவிடும். சம்பலில்தான் கை தெரியும்.

ஊர் ஊராகப் போனால் சொல்லின் எல்லை விரிந்துகொண்டே போகும். பகாங்கில் ‘சம்பல் ஹீத்தாம்’, கறுப்புச் சம்பல். பிலிம்பிக்காயை வேகவைத்து, நெத்திலியும் மிளகாயும் சேர்த்துக் கறுக்கும்வரை சுண்டவைப்பது. பேராவிலும் பகாங்கிலும் புளிக்கவைத்த டுரியான் விழுதான தெம்போயாக்கை மிளகாயோடு கலந்து சம்பல் ஆக்குவார்கள். கிளந்தானில் பஞ்சுபோல உதிர உதிர வறுத்த இறைச்சிக்குக்கூட ‘சம்பல் டாகிங்’ என்றுதான் பெயர். அதில் குழைவும் இல்லை, ஈரமும் இல்லை. கிழக்குக் கரையில் தெம்போயாக் விருப்ப உணவாக இருந்ததை முன்ஷி அப்துல்லா தம் கிளந்தான் பயண நூலில் எழுதினார். அந்தப் பயணம் 1838இல். தமிழ், அரபு வேர்கள் கொண்ட மலாக்காக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மலாக்கா வணிகத்துக்கு வேண்டுமென்று சிறுவயதில் அவரைத் தமிழ் படிக்கவும் அனுப்பியிருந்தார்கள்.

மலாக்கா போகிறவர்கள் செட்டி மலாக்கா மக்களின் காஜா பெராங் குடியிருப்பையும் பார்த்துவிட்டு வர வேண்டும். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, அங்கேயே மணமுடித்துத் தங்கிய தமிழரின் வழிவந்தவர்கள். வீட்டு மொழி மலாய் ஆகிவிட்டது. சைவ வழிபாடு விடவில்லை. 1781இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் இன்றும் நகரின் நடுவில் இருக்கிறது. பொங்கலை ஒட்டி முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சு நாளில், இலையில் நாசி லெமாக்கும் வரும்.

இனி கப்பல். டச்சுக்காரர் 1619இல் ஜாவாவின் பத்தாவியாவைத் தலைநகராக்கினார்கள். 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள். 1652இல் நன்னம்பிக்கை முனையில், அதாவது கேப்பில், கால்வைத்தார்கள். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின. ஜாவாவிலும் சுற்றுத் தீவுகளிலும் தங்களை எதிர்த்த அரசர்களையும் சமயத் தலைவர்களையும் அவர்கள் நாடுகடத்திய இடங்களில் இலங்கையும் கேப்பும் முக்கியமானவை. மகஸ்ஸாரின் ஷேக் யூசுப் 1684இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1694இல் அங்கிருந்து கேப்புக்கு. 1708இல் ஜாவா மன்னர் மூன்றாம் அமங்குராத்தும் இலங்கைக்கு வந்தார். இப்படி வந்தவர்களில் பலர் குடும்பத்தோடும் பணியாட்களோடும் வந்தார்கள். பின்னால் படைவீரர்களாக ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கொழும்பின் கொம்பனித்தெருவிலும் அம்பாந்தோட்டையிலும் வாழும் இலங்கை மலாயரின் முன்னோர் இவர்களே. சாவகர் எனப்பட்ட ஜாவா, மலாய்ப் பகுதியினருக்கும் இலங்கைக்கும் இருந்த தொடர்பு இதைவிடவும் பழையது. 13ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த சாவக மன்னன் சந்திரபானுவின் நினைவைச் சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயரில் காண்பவர்கள் உண்டு. ஆனால் சம்பலைச் சுமந்துவந்தது டச்சுக் காலமே என்று கொள்ள ஒரு வலுவான காரணம் இருக்கிறது. அந்தச் சொல் தனியாக வரவில்லை. மலாயில் ஊறுகாய்க்கு வழங்கும் ஆச்சார், இலங்கை மலாயர் வீட்டிலிருந்து மலே அச்சாறு என்ற பெயரோடு தீவெங்கும் போனது. பறங்கியர் வாழையிலையில் பொதிந்து சூட்டில் வைக்கும் லம்ப்ரைஸ் சோற்றில் பிளாச்சான் என்றே ஓர் இறால் விழுது இன்றும் இருக்கிறது.

இலங்கைக்கு வந்த சம்பலில் முதலில் மாறியது கடல்மணம். பெலாச்சானின் இடத்தை மாலைத்தீவிலிருந்து வந்த மாசிக்கருவாடு எடுத்துக்கொண்டது. வெங்காயம், மிளகாய், மாசி மூன்றையும் இடித்த கட்டச் சம்பலில் பழைய ஜாவானிய உருவம் அப்படியே தெரிகிறது. சீனிச் சம்பல் இன்னும் நெருக்கம்: வெங்காயத்தை எண்ணெயில் மெல்ல வதக்கி, மாசியும் புளியும் சர்க்கரையும் சேர்ப்பது. பெலாச்சானை நீக்கி மாசியை வைத்தால் அது சம்பல் தூமிஸ்தான். இரண்டையும் அடுத்தடுத்துச் சமைத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த உறவைச் சொல்லி விளக்க வேண்டியிருக்காது. தேங்காய்ச் சம்பல் மட்டும் துணிந்து வேறு வழியில் போனது. தென்னை நிறைந்த தீவில், தேங்காயே உடலாகி, மிளகாய் அதற்கு நிறமும் காரமும் கொடுக்கும் துணையானது. கேப்பில் அந்த உடல் பழமாயிற்று. எங்கே போனாலும் சம்பல் விட்டுக்கொடுக்காதது தட்டில் அதற்குள்ள இடத்தைத்தான்: சோற்றுக்கோ மாவுப் பண்டத்துக்கோ பக்கத்தில், கொஞ்சமாக, காரமாக, எல்லாவற்றையும் எழுப்பிவிடும் ஒன்று.

1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. பாதைகள் நீண்டபோது, மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் கப்பலேறினார்கள். தைப்பிங், சிரம்பான், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் என்று ரயில்வே குடியிருப்புகளில் அவர்கள் வீடுகள் எழுந்தன. கூடவே உரலும் திருவலையும் போயின. ஜாவானியர் வாயிலிருந்து இலங்கைக்கு வந்த சொல், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, தேங்காய்ப்பூவை உடம்பாக்கிக்கொண்டு மலாய் மண்ணில் இறங்கியது.

அங்கே இடியாப்பத்துக்கு ஏற்கெனவே ‘புட்டு மாயாம்’ என்ற பெயர் நிலைத்திருந்தது. தெருவில் விற்பவர்கள் அதைத் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து இனிப்பாகத் தருவார்கள். மலாய்க்காரரும் சீனரும் அப்படியே விரும்பி வாங்குவார்கள். இலங்கைத் தமிழர் வீடுகளில் அதே இடியாப்பம் சொதியோடும் சம்பலோடும் பரிமாறப்படும். நாசி லெமாக் வாங்கப் போகும் அதே பிள்ளைகள் கடையில் ‘சம்பல் லெபே’, சம்பல் அதிகம் என்று மலாயில் கேட்பார்கள். வீட்டில் அவர்களுடைய அம்மம்மா சம்பல் இடிக்கச் சொன்னால் அவர்கள் முதலில் தேடுவது தேங்காய்.