இரத்தத்தின் மீது விழுந்த பழி



அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், 'பிறர் இரத்தம் கெடுதல் செய்யுமோ?' என்று நம்மில் பலர் கலங்குகிறோம். இதே ஐயம் மருத்துவர்களுக்கும் எழுந்ததுண்டு.

1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளியிட்டார். 1937-இல் சிகாகோவில் இரத்த வங்கி தோன்றியது. பெரிய அறுவைகள் கைகூடின. 1973-இல் ஒரு புதுமை தெரிந்தது. முன்பே இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடல், மாற்றுச் சிறுநீரகத்தை எளிதில் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் பிறர் இரத்தம் உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கிறதோ? புற்றுநோய் மீண்டும் தலைதூக்க இடம் கொடுக்குமோ? 1982-இல் வெளியான ஆய்வும் அச்சத்தை வளர்த்தது. குடற்புற்றுநோய் அறுவையில் இரத்தம் பெற்றவர்களுக்கு நோய் மிகுதியாகத் திரும்பியிருந்தது.

நெதர்லாந்து மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகள் 475 பேரை இரு பிரிவாக்கினர். இரத்தம் தேவைப்பட்டால், ஒரு பிரிவுக்கு அவரவரிடம் முன்பே எடுத்துவைத்த இரத்தம். மறு பிரிவுக்குப் பிறர் இரத்தம். 1993-இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடில்லை. எந்த இரத்தம் பெற்றிருந்தாலும், இரத்தமே தேவைப்படாதவர்களைவிட நோய் அதிகம் திரும்பியது. ஆகவே பழி பிறர் இரத்தத்தின் மீதன்று. இரத்தம் தேவைப்படச் செய்த கடுமையான நிலைமையின் மீதே என்றனர். குடை பிடித்தவர் நனைந்திருந்தால், குடையா மழையைக் கொண்டுவந்தது?

ஆராய்ச்சி தொடர்கிறது. இன்று மருத்துவர்கள் தேவையான அளவே இரத்தம் ஏற்றுகிறார்கள். சோகையை அறுவைக்கு முன்பே சரிசெய்ய முயல்கிறார்கள். நாமும் நோயை முற்றவிடாமல் மருத்துவமனைக்குப் போவோம். ஐயங்களைத் தயங்காமல் கேட்போம். உயிர்காக்கும் இரத்தத்தை அச்சத்தால் மறுக்காதிருப்போம்.