இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்கள்: ஆபத்தை ஆள்கணக்கால் அளந்த வரலாறு

இந்தியத் தொழிற்சாலைகளுக்கான முதல் பாதுகாப்புச் சட்டம் 1881இல் வந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளின் போட்டியைப் பொறுக்காத இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்கடியும், சொராப்ஜி ஷாபுர்ஜி பெங்காலி போன்றோர் உள்நாட்டில் எழுப்பிய குரலும் அதற்குக் காரணம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்பு போட வேண்டும் என்றது அச்சட்டம். ஆனால் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. இந்த வரலாற்றின் முதுகெலும்பே அந்த எண்தான் என்பது என் கருத்து. 1891இல் அது 50 ஆனது, 1922இல் 20 ஆனது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டம், மின்விசை உள்ள இடத்துக்கு 10 பேர், இல்லாத இடத்துக்கு 20 பேர் என்று வகுத்தது. காற்றோட்டம், வெளிச்சம், கழிப்பறை என எவ்வளவு நுணுக்கமாக விதி எழுதினாலும், எண்ணிக்கை எட்டாத பட்டறைக்கு அதனால் பயனில்லை.

ஆபத்து ஆளை எண்ணிப் பார்த்து வருவதில்லை. அம்பத்தூரிலும் கோவையிலும் ஓடும் பவர் பிரஸ்ஸையே பார்க்கலாம். மேல் டை ஒரே ஸ்ட்ரோக்கில் இறங்கித் தகட்டை வெட்டுகிறது. தகட்டை வைத்தெடுக்கும் கையும் அதே இடத்தில்தான் புழங்குகிறது. இரண்டு பட்டன்களையும் இரு கைகளால் ஒருசேர அழுத்தினால்தான் டை இறங்கும் என்றிருந்தால் விரல் தப்பும். வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டால் அந்தக் காப்பு போயிற்று. எட்டுப் பேர் பட்டறையிலும் எண்ணூறு பேர் ஆலையிலும் அந்த டை ஒரே விசையில்தான் இறங்குகிறது.

சிறு முதலாளிக்குச் செலவும் ஆய்வாளர் கெடுபிடியும் தாங்காது என்பார்கள். பதிவேடுகளையும் படிவங்களையும் குறைக்கச் சொல்வது நியாயமே. தடுப்பைக் குறைக்கச் சொல்வது அப்படியல்ல. அந்தச் செலவை முதலாளி ஏற்காவிட்டால் தொழிலாளியின் கை ஏற்கிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீடும் பொதுவாக 10 பேர் வரம்பிலேயே தொடங்குவதால், சின்னப் பட்டறையில் விரல் போனவருக்கு அந்த ஆதரவும் கிடைப்பது அரிது.

போபாலைக் காட்டி மறுப்போரும் உண்டு. சட்ட வரம்புக்குள் இருந்த பெரிய ஆலைதானே அது? உண்மைதான். 1984 டிசம்பர் 2–3 இரவில் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தபோது குளிர்பதன அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. சட்டத்துக்குள் வருவது மட்டும் போதாது என்பதற்கு இது சான்று; வராமலே இருக்கலாம் என்பதற்கு அல்ல. அதன் பின் வந்த 1987ஆம் ஆண்டுத் திருத்தம் ஆபத்தான தொழில்களைப் பட்டியலிட்டது. கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. ஆபத்து நெருங்குவதாகத் தோன்றினால் நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமையையும் அவருக்குத் தந்தது. வேலையின் தன்மையை அளவுகோலாக்கிய அந்த நகர்வு, வரம்பைக் குறைத்ததற்கு நிகரான முன்னேற்றம்.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தொழிற்சாலைக்கான எண்ணிக்கையை 20 என்றும், மின்விசை இல்லாத இடத்துக்கு 40 என்றும் உயர்த்திவிட்டது. 67 ஆண்டுகளில் 100இலிருந்து 10க்கு இறங்கி வந்த எண் இப்போது மேலே ஏறியிருக்கிறது. பத்துப் பேர் உள்ள இடத்துக்கும் பொதுவான கடமைகள் உண்டு என்றாலும், தொழிற்சாலைக்கென்றே எழுதப்பட்ட பிரிவுகள் அங்கே எட்டுவதில்லை. உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால் ஆள்கணக்கு பார்க்க வேண்டியதில்லை என்ற வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. பவர் பிரஸ் ஓடும் ஒவ்வொரு பட்டறையையும் அந்த அறிவிக்கையில் சேர்க்க வேண்டும்.