ராஜ்யம் இல்லாத வீடு

மல்லசமுத்திரத்தில் வளர்ந்தவனுக்குக் கோட்டை என்றால் சங்ககிரிதான். வாசலுக்கு மேல் வாசலாகக் கடந்து உச்சிக்கு ஏறினால் இடிந்த சுவர், சுனை, ஒரு பெருமாள் கோயில், மிச்சமெல்லாம் காற்று. 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலை என்ற நினைவைத் தவிர எடுத்துக்கொண்டு இறங்க அங்கே ஒன்றும் கிடையாது. அதிகாரம் போனால் கட்டடம் காலியாகும் என்பதே அந்த மலை எனக்குச் சொல்லிக்கொடுத்த சரித்திரம். வெகுநாள் வரை அதை நம்பிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் அரண்மனைதான் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அங்கே அதிகாரம் போன பிறகுதான் வீடு நிரம்ப ஆரம்பித்திருக்கிறது.

தஞ்சாவூர்க் கலைக்கூடத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை செப்புத் திருமேனிகளைப் பற்றியவை. அவை இருக்கும் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கும். நாயக்கர் கட்டியது, மராத்தியர் இருந்தது என்று. பிறகு நேராகத் திருவெண்காட்டு ரிஷபவாஹனர். விக்ரகத்தின் இடுப்பு வளைவில் சோழர் காலம் முழுவதையும் பார்த்துவிடுகிற கண், தலைக்கு மேல் நிற்கும் வளைவைப் பார்ப்பதில்லை. மழைக்கு ஒதுங்கிய இடம் மாதிரி அந்த வீட்டை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வீடு மியூஸியமாக ஆனது தற்செயலல்ல. 1951-ல் போர்டு மாட்டுவதற்கு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே அது மியூஸியமாக மாறத் தொடங்கிவிட்டது.

கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பதினாறாம் நூற்றாண்டில், விஜயநகரத்தின் பிரதிநிதியாகத் தஞ்சைக்கு வந்த நாயக்கர்கள் தொடங்கியது. கல் கொஞ்சம்தான், செங்கல், சுண்ணாம்பு, சுதை. பருத்த தூண்கள், அவற்றின் மேல் வளைவுகள். இந்த வளைவு சோழ ஸ்தபதிக்குத் தெரியாதது, சுல்தான்களின் தக்காணத்திலிருந்து வந்தது. முற்றத்தில் நின்று மேலே பார்த்தால் இன்னொரு பக்கத்தில் எட்டு நிலைகளோடு ஒரு கோபுரம். ஏறத்தாழ 190 அடி. ஆயுத சாலைக் கோபுரம் என்று பெயர். தூரத்திலிருந்து பார்க்கிறவன் அதைக் கோயில் விமானம் என்றே சொல்வான். அருகில் போனால் விமானத்தில் இருக்க வேண்டிய கருவறை இல்லை. அடுக்கடுக்காக ஜன்னல்கள், வளைவுகள், படிகள். ராஜா வீட்டுக்குக் கோயிலின் உருவத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மற்றொரு மாளிகையின் உச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைத் தரிசித்த பிறகே விஜயராகவ நாயக்கர் சாப்பிட உட்காருவார் என்று ஒரு கதையும் சொல்கிறார்கள்.

இதை வெறும் ஆடம்பரமென்று ஒதுக்க முடியாது. நாராயண ராவ், டேவிட் ஷூல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் சேர்ந்து 1992-ல் வெளியிட்ட நாயக்கர் கால ஆய்வில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள்: அந்தக் காலத்தில் அரசனுக்கும் தெய்வத்துக்கும், அரண்மனைக்கும் கோயிலுக்கும் நடுவிலிருந்த கோடு அழிந்துவிட்டது. தெய்வத்துக்கு நடக்கும் உபசாரமெல்லாம் ராஜாவுக்கு. துயிலெழுப்புதல், அலங்காரம், போகம், கொலு. அரசவைத் தெலுங்குக் காவியங்கள் ராஜாவின் ஒரு நாளை உற்சவம் மாதிரிப் பாடுகின்றன. அன்னதானம் அந்த அரசர்களின் பெருமைகளில் முதலாவது. வீரத்தைவிடச் சோறு போடுவது பெரிதாகப் பேசப்பட்டது. 1673-ல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை உள்ளே வந்தபோது விஜயராகவர் அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சொல்லிவிட்டு, கிழ வயதில் வாளெடுத்துப் போய்ச் செத்தார். உற்சவம் அப்படி முடிந்தது. 1676-க்குள் வீடு சிவாஜியின் தம்பி ஏகோஜியின் கைக்கு வந்துவிட்டது.

மராத்தியர் கதையை விரித்தால் பக்கம் போதாது. சரபோஜிக்கு வருகிறேன். இரண்டாம் சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே கம்பெனியோடு ஒப்பந்தம். நாட்டின் நிர்வாகம் முழுவதும் ஆங்கிலேயருக்கு, ராஜாவுக்குக் கோட்டையும் வருஷப் பணமும். அதாவது ஒரு வீட்டுக்கு மட்டும் ராஜா. வரி வசூல் இல்லை, படை இல்லை, முப்பது வருஷத்துக்கு மேல் ஆயுள் பாக்கி இருக்கிறது. என்ன செய்வார்? சேர்த்தார். ஓலைச்சுவடி, ஐரோப்பியப் புத்தகம், ஓவியம், தேசப்படம், விஞ்ஞானக் கருவி, மருந்து. அச்சுக்கூடம் வைத்தார். தன்வந்திரி மஹாலில் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை அந்தந்தக் கண்ணின் படத்தோடு எழுதி வைக்கச் செய்தார். போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை 1803-ல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்ட வைத்தார். சரித்திரத்தை நடத்த முடியாதவன் சரித்திரத்தை எழுதி வைக்கிறான். இதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆண்டுகொண்டிருந்த ராஜாக்களில் எத்தனை பேர் சரஸ்வதி மஹாலைப் போல ஒன்றை விட்டுப் போனார்கள்?

ஆக, மியூஸியத்தின் மனோபாவம் இந்த வீட்டுக்குள் நுழைந்தது 1799-ல். ஒரு பொருளை உபயோகத்துக்காக அல்லாமல் பார்ப்பதற்கும் அறிவதற்கும் வைத்துக்கொள்வது என்பது, உபயோகிக்கும் சக்தி கையைவிட்டுப் போனவன் கண்ட வழி. ஐரோப்பாவில் லூவ்ர் 1793-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது, ராஜாவின் தலையை வெட்டிய வருஷத்தில். தஞ்சாவூரில் தலை வெட்டவில்லை. ராஜாவை உயிரோடு வைத்துக்கொண்டே வீட்டை மெதுவாக மாற்றினார்கள்.

1855-ல் கடைசி ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரண்மனையைப் பூட்டி முத்திரை வைத்தது. நகை, புத்தகம், நிலம் எல்லாம் சர்க்கார் சொத்து என்றது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859-ல் சொன்ன தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது: இது ஓர் அரசு செய்த காரியம், அதில் நீதிமன்றம் தலையிடாது. செய்தது நியாயமென்று அவர்கள் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். பிறகு 1862-ல் சர்க்கார் தயவாகச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. ராஜ்யம் போய் வீடு, வீடு போய்ச் சொத்து. ஒரு அரண்மனை சட்டத்தின் கண்ணில் தனியார் குடியிருப்பாக ஆன கதை இது. 1918-ல் நூலகம் பொதுவுக்கு வந்தது. மண்டபங்கள் சிதிலமாகிக்கொண்டிருந்தன.

1951-க்கு வருவோம். கலைக்கூடம் பிறந்த கதையாகச் சொல்லப்படுவது இது. அன்றைய கலெக்டர் டி.கே. பழனியப்பன் கரந்தைப் பக்கம் போயிருந்தபோது, கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவர் அங்கே கிடந்த பிரம்மா சிலையை எடுத்துப் போக முயன்றார்; ஊர் ஜனங்கள் தடுத்தார்கள். கலெக்டர் சிலையை அரண்மனைக்குக் கொண்டுவந்தார். பிறகு மாவட்டத்தில் பாழடைந்து கிடந்த மற்றவற்றையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். இந்தத் தொடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கலையை வளர்க்கிறோம் என்று யாரும் அன்றைக்குப் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு பொருள் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று நாலு பேர் வழிமறித்ததில் ஆரம்பித்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில் திருவெண்காட்டு மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ஏதோ ஒரு படைக்குப் பயந்து புதைத்தவை. புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை, அல்லது வந்தவர்களுக்கு இடம் மறந்துவிட்டது. பூமிக்குள் கிடைக்கும் புதையல் சர்க்காருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது 1878-ம் வருஷச் சட்டம். அதன்படி கடவுளும் புதையல்தான். அப்படித்தான் ரிஷபவாஹனர் இந்த வீட்டுக்கு வந்தார். ராஜராஜனின் 26-ம் ஆட்சியாண்டில், அதாவது 1011-ல், கோலக்காவன் என்பவர் அவரைச் செய்து வைத்தார் என்றும், அடுத்த வருஷம் தேவியைச் சேர்த்தார்கள் என்றும் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு இருக்கிறது. செய்தவன் பெயர் தெரியாது, செய்வித்தவன் பெயரும் வருஷமும் தெரியும். நம் சிற்பங்களில் இவ்வளவு தெரிவதே அபூர்வம்.

சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, அதில் பாம்பையும் செருகிக்கொண்டு, ஒரு கையை மடக்கிக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. மண்ணிலிருந்து அது வரவில்லை. கை காற்றின் மேல் இருக்கிறது. சாய்ந்த உடம்பின் கனம் முழுவதும் அந்த இல்லாத மிருகத்தின் முதுகில் இறங்குகிறது. விமர்சகர்கள் இந்தக் காலியிடத்தை ரொம்பவும் ரசித்துவிட்டார்கள். நவீன சிற்பத்தைப் பார்த்த கண்ணுக்கு அது ரசிக்கத் தக்கதாகத்தான் படும். ஆனால் கோலக்காவன் காற்றுக்குப் பொன் கொடுக்கவில்லை. அந்த இடம் அழகுக்காக விட்டதல்ல, தொலைந்துபோனது. இந்த வித்தியாசத்தை மறக்கிற ரசனை எனக்குச் சம்மதமில்லை.

கல் சிற்பங்களும் அப்படியே. தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹாரர் யானையின் தோலை உரித்து விரித்து நிற்க, பயந்துபோய்ப் பிள்ளையை அணைத்து விலகும் பார்வதி. கங்காளரும் ஆடை நெகிழும் ரிஷிபத்தினிகளும். ஐராவதேஸ்வரர் கோயிலில் ஒரு வரிசையில் நின்று பிரதக்ஷிணம் வருகிறவனோடு நகர்ந்திருக்க வேண்டியவர்கள், இங்கே நகராமல் நிற்கிறார்கள்.

இவர்களுக்கு நடுவில், நாயக்கர் தர்பார் மண்டபத்தில், வெள்ளைச் சலவைக்கல்லில் சரபோஜி. லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செய்தது. மராத்திய ராஜா, தெலுங்கு நாயக்கர் மண்டபம், ஆங்கிலச் சிற்பி, சுற்றிலும் தமிழ்க் கடவுளர்கள். ராஜா கை கூப்பி நிற்கிறார். சிலை செய்தபோது எதிரில் இந்தத் தெய்வங்கள் கிடையாது. அவை மண்ணுக்குள் இருந்தன. கூப்பிய கைக்கு எதிரே தெய்வம் வந்து சேர நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. ராஜ்யமில்லாத ராஜா, பூஜையில்லாத தெய்வங்கள். இவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்ததுதான் பொருத்தமென்று எனக்குப் படுகிறது.

ஒரு தடவை அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். மல்லசமுத்திரத்திலிருந்து நாமக்கல், திருச்சி வழியாகப் பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். தேவையில்லை என்று காவல்காரர் சொல்லியும் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே ஒவ்வொரு விக்ரகத்தின் முன்பும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தவள், பாதி மண்டபத்தில் நின்றுவிட்டாள்.

"ஏங்கண்ணு, இத்தன சாமி நிக்குதே, இவிங்களுக்கெல்லாம் சோறு யாரு வெக்கறாங்க?"

இது மியூஸியம் அம்மா, இங்கே பூஜை கிடையாது என்றேன். "அப்பறம் எதுக்குப் பூட்டி வெச்சிருக்காங்க?" என்றாள். பதில் சொல்லவில்லை நான். அன்னதானத்தையே ராஜ லட்சணமாக வைத்திருந்தவர்களின் கொலு மண்டபத்தில் நின்றுகொண்டு அவள் அதைக் கேட்டாள் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்கிறவர்கள் உண்டு. அம்மா கட்சி. திருவெண்காட்டில் கோயில் இருக்கிறது, பூஜை நடக்கிறது. அவர்கள் கேட்பதில் நியாயமில்லாமல் இல்லை. உற்சவர் என்பவர் நம்மைத் தேடித் தெருவுக்கு வருகிறவர். பட்டும் பூவும் போர்த்தி, முகம் மட்டும் தெரிய, தோளில் ஏறி ஆடி ஆடி வருகிறவர். அந்த அசைவை மனதில் வைத்துத்தான் ஸ்தபதி வார்த்தான். இங்கே துணியில்லாமல், அசையாமல், நம்மைக் காத்து நிற்கிறார். உடம்பு முழுவதும் தெரிகிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோம்.

ஆனால் இந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் பூஜையில்லாமல் இருந்த நடராஜர் களவு போய், 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் ஐம்பது லட்சம் டாலருக்கு விலை போனார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. 2014-ல் திரும்பி வந்தார். திரும்பியவர் நேரே கருவறைக்குப் போகவில்லை, பாதுகாப்புக்குப் போனார். பெரிய கோயிலின் ராஜராஜனும் லோகமாதேவியும் குஜராத்திலிருந்து 2018-ல்தான் வந்தார்கள். எங்கள் பக்கத்திலேயே ஒரு கிராமத்தில் உற்சவர் வருஷம் முழுவதும் வேறோர் ஊரின் இரும்புக் கதவுக்குள் இருக்கிறார். நோம்பிக்கு மட்டும் போலீஸோடு வந்து, போலீஸோடு போய்விடுகிறார். அந்த அறையில் சோறுமில்லை, பார்ப்பாருமில்லை. அதற்கு இந்த மண்டபம் மேல். திருவெண்காட்டில் குழி வெட்டிப் புதைத்தவர்களின் வேலையைத்தான் இந்த வீடு செய்துகொண்டிருக்கிறது, வெளிச்சத்தில் வைத்து. புதைத்தவர்கள் பூஜையை நிறுத்திவிட்டுத்தான் புதைத்தார்கள்.

இதை அம்மாவிடம் அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாளா தெரியாது. கோபுரத்து மேல்தளத்தில் திமிங்கில எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. 1955-ல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. ராஜாவின் ஆயுத சாலையில் அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சரபோஜி இருந்திருந்தால் அவரே வாங்கி வைத்திருப்பார். அம்மா அதை மட்டும் ரொம்ப நேரம் நின்று பார்த்தாள், விலா எலும்புகளை விரல் விட்டு எண்ணினாள். மடியில் கொண்டுவந்திருந்த கற்பூரத்தைக் காவல்காரர் கொளுத்த விடவில்லை. சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போய் நந்திக்கு முன்னால் ஏற்றிவிட்டுப் பஸ் ஏறினோம்.