தல்லி ராஜ்ஹரா: சுரங்கத் தொழிலாளர்கள் தாங்களே கட்டிய மருத்துவமனை

'ஊழியர் நலத் திட்டம்' என்ற சொல் இப்போது எல்லா நிறுவனங்களிலும் புழங்குகிறது. ஆண்டுக்கு ஒரு மருத்துவ முகாம், ஒரு யோகா வகுப்பு, ஒரு காப்பீட்டு அட்டை. ஆனால் அதே கட்டடத்தில் கழிவறை கழுவுகிறவர், குப்பை அள்ளுகிறவர், வாசலில் காவல் நிற்கிறவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. கேட்டால், 'அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், எங்கள் ஊழியர்கள் அல்ல' என்பார்கள். அந்த வேலைகளில் பெரும்பாலும் எந்தச் சேரியிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே பதிலைக் கேட்ட பத்தாயிரம் தொழிலாளர்கள், தங்கள் உடம்பைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள ஒரு மருத்துவமனையைக் கட்டினார்கள். சத்தீஸ்கரில் உள்ள தல்லி ராஜ்ஹராவின் ஷஹீத் மருத்துவமனைதான் அது. நம் இளைஞர்களில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு என்பதால் எழுதுகிறோம்.

ஒரே சுரங்கம், இரண்டு வகை மனிதர்கள்

சோவியத் உதவியோடு கட்டப்பட்ட பிலாய் உருக்காலை 1959இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான இரும்புத் தாது தல்லி ராஜ்ஹரா மலைகளிலிருந்து வந்தது. இது பொதுத்துறை நிறுவனம். நேரு காலத்து இந்தியா பெருமையோடு காட்டிய ஆலை. அங்கு நிரந்தரத் தொழிலாளிக்குக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இருந்தன.

ஆனால் கடப்பாறையும் சம்மட்டியும் பிடித்துத் தாதுவை உடைத்தவர்கள், கூடையில் சுமந்து லாரியில் ஏற்றியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து வந்த ஆதிவாசிகள், தலித்துகள், பிற்படுத்தப்பட்ட சாதி மக்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்த வேலை அது. அவர்கள் வாழ்ந்தது மண் குடிசைகளில்.

1977இல் போனஸ் ஒப்பந்தம் ஒன்று வந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு 308 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளிக்கு 70 ரூபாய். இதற்குப் பழைய சங்கங்கள் ஒப்புக்கொண்டன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தச் சங்கங்களை விட்டு வெளியேறினார்கள். அவசரநிலைக் காலத்தில் சிறையில் இருந்த சங்கர் குஹா நியோகியைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். அந்த மார்ச் மாதம் 'சத்தீஸ்கர் மைன்ஸ் ஷ்ரமிக் சங்கம்' பிறந்தது.

அவர்களின் முதல் கோரிக்கைகளைக் கவனியுங்கள். நிர்வாகம் வேலை கொடுக்காத நாளுக்கும் கூலி வேண்டும். மழைக்கு முன் குடிசையைச் செப்பனிட 100 ரூபாய் வேண்டும். இதற்குக் கிடைத்த பதில் துப்பாக்கி. 1977 ஜூன் 2, 3 தேதிகளில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 11 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் அனுசுயா பாய் என்ற பெண்ணும், சுதாமா என்ற சிறுவனும் உண்டு.

மழையில் ஒழுகும் குடிசை என்பதும் உடல்நலப் பிரச்சினைதான். அந்த வகையில் இந்தச் சங்கத்தின் நலத் திட்டம் மருத்துவமனைக்கு முன்பே, அந்த 100 ரூபாய்க் கோரிக்கையிலேயே தொடங்கிவிட்டது.

குசும் பாயின் மரணம்

சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர் குசும் பாய். பிரசவத்துக்காக நிறுவன மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர் அங்கே கவனிப்பில்லாமல் இறந்துபோனார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மருத்துவமனை முன் கூடினார்கள். ஆத்திரம் இருந்தது, அடித்து நொறுக்கும் பலமும் இருந்தது. அதைச் செய்யாமல் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: நம் பெண்களுக்கு நாமே ஒரு பிரசவ விடுதி கட்டுவோம்.

இந்த இடத்தில் நாம் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1944இல், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி வந்தது. தோண்டியெடுக்கும் கனிமத்தின் மீது ஒரு தீர்வை, அந்தப் பணத்தில் தொழிலாளிக்கு மருத்துவமும் வீடும் என்ற ஏற்பாடு. சுதந்திரத்துக்குப் பிறகு 1961இல் இரும்புத் தாதுச் சுரங்கங்களுக்கும் அப்படியொரு தீர்வைச் சட்டம் வந்தது. அதே 1961இல் மகப்பேறு நலச் சட்டமும் வந்தது. அது சுரங்கங்களுக்கும் பொருந்தும்.

ஆக, குசும் பாய் இறந்தபோது சட்டம் இல்லாமல் இல்லை, மருத்துவமனை இல்லாமல் இல்லை, நிதியும் இல்லாமல் இல்லை. வாசலில் வந்து நின்றவர் 'நம் ஆள்' என்ற எண்ணம்தான் அங்கே இல்லை. தீண்டாமையை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கார் நிறுத்தும் அறையிலிருந்து

மருத்துவமனைக்கு முன்பே இரண்டு இயக்கங்கள் நடந்தன.

ஒன்று, மது எதிர்ப்பு. போராடிப் பெற்ற கூலி உயர்வு நேராகச் சாராயக் கடைக்குப் போவதைச் சங்கம் பார்த்தது. பெண்கள் முன்னின்றார்கள். குடியை நிறுத்துவது ஒழுக்கப் பிரசங்கமாக இல்லை, சங்க வேலையாகவே நடந்தது. சாராய வியாபாரிகளின் பகையை இதனாலேயே சங்கம் சம்பாதித்துக்கொண்டது.

இரண்டாவது, 1981இல் நடந்த துப்புரவு இயக்கம். தொழிலாளர் குடியிருப்புகளில் குப்பை அள்ள நிர்வாகம் ஆள் அனுப்புவதில்லை. தொழிலாளர்கள் தாங்களே இறங்கிக் குப்பையை வாரினார்கள். 'இதைச் செய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு' என்று நிர்வாகத்தை நெருக்கவும் செய்தார்கள். குப்பை அள்ளுவதை ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்திருக்கும் நாட்டில், ஒரு தொழிற்சங்கம் அதை எல்லோருடைய வேலையாகவும் நிர்வாகத்தின் கடமையாகவும் மாற்றப் பார்த்தது சிறிய விஷயமல்ல.

இந்தக் காலத்தில்தான் இளம் மருத்துவர்கள் வந்து சேர்ந்தார்கள். பினாயக் சென், ஆஷிஷ் குண்டு, பவித்ர குஹா முதலில் வந்தவர்கள். சைபால் ஜானா, புண்யப்ரத குண் பின்னால் வந்தார்கள். 1982 ஜனவரி 26 அன்று சங்க அலுவலகத்தை ஒட்டிய கார் நிறுத்தும் அறையில் ஒரு சிறு மருந்தகம் திறக்கப்பட்டது. துப்பாக்கிச்சூட்டில் இறந்த தியாகிகளின் நினைவாக அதற்கு 'ஷஹீத்' என்று பெயர் வைத்தார்கள்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடித்த தொழிலாளர்கள் செங்கல் சுமந்தார்கள், சுவர் எழுப்பினார்கள். 1983 ஜூன் 3, தியாகிகள் நாளில், 15 படுக்கைகளோடு ஷஹீத் மருத்துவமனை திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அமைச்சரோ அதிகாரியோ அல்ல. ஒரு மூத்த சுரங்கத் தொழிலாளியும், பக்கத்துக் கிராமத்து மூத்த விவசாயி ஒருவரும் சேர்ந்து திறந்தார்கள்.

செலவு எப்படிக் குறைந்தது?

மாணவத் தோழர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: பணம்?

முதலாவது, கட்டடத்துக்கு வெளிநாட்டு நிதியோ முதலாளி நன்கொடையோ வாங்கவில்லை. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள், உழைப்பையும் இலவசமாகக் கொடுத்தார்கள். பணம் யாருடையதோ அவர்கள் சொல்வதுதான் நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். காலையில் சுரங்கம், மாலையில் மருத்துவமனை. கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, நோயாளியோடு அவர் மொழியில் பேசுவது எல்லாவற்றையும் அவர்கள் கற்றார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்கூடப் படிப்படியாகத் தேர்ந்தார்கள்.

மூன்றாவது, தேவையில்லாத மருந்து கிடையாது. வயிற்றுப்போக்கா, வீட்டிலேயே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஊசி வேண்டாம். உடம்பு அசதிக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது ஏமாற்று வேலை. இதைத் துண்டுப் பிரசுரமாக, சிறு நூலாக, கூட்டமாகப் பரப்பினார்கள். ஏழையின் மருத்துவச் செலவில் பெரும்பகுதி தேவையற்ற ஊசிக்கும் டானிக்குக்கும் போவதை நம் தெருக்களிலும் பார்க்கிறோமே!

நான்காவது, மருத்துவர் முதலாளி அல்ல. மருத்துவர்களும் தொழிலாளர்களும் ஒரே குழுவில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். சிகிச்சை சுரங்கத் தொழிலாளிக்கு மட்டும் என்று நிறுத்தவும் இல்லை. சுற்றுக் கிராமத்து விவசாயிகளும் ஆதிவாசிகளும் சிறு கட்டணத்தில் வந்து போனார்கள்.

தொழிலாளர், மருத்துவர், கிராம மக்கள் ஆகிய மூவரின் கூட்டு இது. இன்றைய நிர்வாகப் பாடப் புத்தகம் இதற்கு 'சமூகப் பங்கேற்பு' என்று பெயர் வைக்கும். அவர்கள் சொன்னது வேறு: உழைப்பாளிகளின் உடல்நலத்துக்கு உழைப்பாளிகளின் சொந்தத் திட்டம்.

நிர்வாகத்தைத் தப்பவிட்டார்களா?

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. கொடுக்க வேண்டியது நிர்வாகமும் அரசும். நாமே கட்டிக்கொண்டால் அவர்கள் கை கழுவிவிட மாட்டார்களா? எங்கள் படிப்பு வட்டத்திலும் இந்த விவாதம் வந்தது. அரசு மருத்துவமனைகளைக் காப்பாற்றப் போராடுகிற நாம் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

நியோகியின் பதில் இரண்டு சொற்களில் இருந்தது: போராட்டம், நிர்மாணம். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். மருத்துவமனை நடந்தபோதே சங்கம் கூலிக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் போராடியது. ஆட்களை வெளியேற்றும் இயந்திரமயத்தை எதிர்த்தும் போராடியது. உடல்நலத்தைச் சங்கம் கையில் எடுத்ததால் அந்தப் போராட்டத்தில் பெண்கள் வந்தார்கள், கிராமங்கள் வந்தன. போராட்டம் இல்லாத மருத்துவமனை வெறும் தர்ம ஆஸ்பத்திரியாகியிருக்கும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். 1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில் தூங்கிக்கொண்டிருந்த நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். பினாயக் சென் 2007இல் கைது செய்யப்பட்டார். தேசத்துரோக வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 2011இல்தான் உச்ச நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. மருத்துவமனையோ நிற்கவில்லை. 15 படுக்கைகள் பின்னர் நூறைத் தாண்டின. புண்யப்ரத குண் வங்காளத்துக்குத் திரும்பி, ஹவுரா மாவட்டத்தில் தொழிலாளர்களோடு சேர்ந்து 1990களில் இதே வழியில் ஒரு சுகாதார மையம் தொடங்கினார்.

நாம் எங்கே தொடங்குவது?

மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது 2014இல் உச்ச நீதிமன்றம். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இறந்த பிறகு எவ்வளவு என்பது நமக்கு மனப்பாடம். உயிரோடு இருக்கும்போது அவர் நுரையீரலை, தோலை, முதுகை யார் பார்ப்பது?

பத்தாயிரம் பேர் சங்கம் நம்மிடம் இல்லை. தல்லி ராஜ்ஹராவும் ஒரு கார் நிறுத்தும் அறையில்தான் தொடங்கியது. உங்கள் ஊர்த் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். யாருக்கு என்ன நோய், எத்தனை நாள் கூலி போனது என்று எழுதுங்கள். நம் சமூகத்திலிருந்து மருத்துவம், செவிலியர் படிப்பு படிக்கிற பிள்ளைகளை மாதம் ஒரு ஞாயிறு கூட்டி வாருங்கள்.

கூடவே சம்பளச் சீட்டைக் கேளுங்கள். இ.எஸ்.ஐ.க்காகத் தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். பிடித்த பணம் கட்டப்பட்டதா, எண் கொடுத்தார்களா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் அவரை வேலைக்கு வைத்த நிறுவனமே பொறுப்பு. அந்த நோட்டுப் புத்தகம் நிர்மாணம் என்றால், இந்தக் கேள்வி போராட்டம்.

குசும் பாயைக் காப்பாற்ற முடியவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பெண்களுக்குப் பிரசவம் பார்க்க ஒரு இடம் கிடைத்தது. அதைக் கட்டியவர்கள் கல் உடைத்தவர்கள்.

ஜெய் பீம்!